மண் வாரும் யந்திரத்தில் தேய்ந்த புஷ்ஷை மாற்றுதல்

சோழபுரம் வட்டாரத்து விவசாயம் பெரிதும் கண்மாய்களை நம்பியது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னர் வரத்துக் கால்வாய்களைத் தூர் வாராவிடில், மேற்கு மலையிலிருந்து இறங்கும் நீர் வீணே ஓடிவிடும். முன்னாளில் மண்வெட்டியும் கூடையும் கொண்டு குடிமராமத்தாக நடந்த இவ்வேலையில் இன்று யந்திரமும் பெரும்பங்கு கொள்கிறது. ஜோசப் சிரில் பாம்போர்டு என்பவர் 1945ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கிய கம்பெனியின் பெயரெழுத்துக்களாகிய 'ஜே.சி.பி.' என்பதே, இவ்வகை யந்திரம் அனைத்திற்கும் நம் கிராமங்களில் பொதுப்பெயராகிவிட்டது.

ஒரு முறை கால்வாய் வேலையொன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பக்கெட் ஆடிக்கொண்டே மண்ணை வெட்டியது. சரிவு சமமாக அமையவில்லை; வெட்டிய இடத்தையே மீண்டும் வெட்ட நேர்ந்தது. மணிக் கணக்கு வாடகை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. மூட்டுக்களில் உள்ள புஷ் தேய்ந்திருந்ததே இதற்குக் காரணம்.

புஷ் என்பது யாது? மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடத்தினுள் இரும்புக் குழாய் ஒன்று இருப்பதை விவசாயிகள் அறிவர். அச்சின்மேல் அது சுழலும். மை போடாவிடில் இரண்டும் தேயும். யந்திரத்தில் அச்சின் ஸ்தானத்தில் 'பின்' எனும் உருக்குத் தண்டும், குழாயின் ஸ்தானத்தில் புஷ்ஷும் உள்ளன. விலையுயர்ந்த கையும் பக்கெட்டும் தேயாதிருக்கும் பொருட்டு, எளிதில் மாற்றத்தக்க புஷ் தான் தேய்ந்து அவற்றைக் காக்கிறது. அதை உரிய காலத்தில் மாற்றாவிடில், துவாரமே நீள்வட்டமாகிவிடும். பின்னர் பற்றவைத்து நிரப்பி, நேர்கோட்டில் குடைந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்குச் செலவும் அதிகம், நாட்களும் வீணாகும்.

மாற்றும் முறை வருமாறு:

1. யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடை கொடுத்து, பக்கெட்டைத் தரையில் முழுதும் படியவைத்து, கைப்பகுதியைக் கட்டைகளால் தாங்குக. எஞ்சினை நிறுத்திய பின் நெம்புகோல்களை அசைத்து எண்ணெய் அழுத்தத்தை வெளியேற்றுக.

2. பூட்டு போல்ட்டைக் கழற்றிப் பின்னை வெளியேற்றுக. உருக்குப் பின்னைச் சுத்தியலால் நேரே அடித்தால் சில்லுகள் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். பித்தளைத் தண்டை இடையில் வைத்து அடித்தலும், கண்ணாடி அணிதலும் அவசியம்.

3. பழைய புஷ்ஷைத் திருகு இழுப்பான் கொண்டு எடுக்கலாம். அசையாவிடில், அதன் உட்புறத்தில் ஒரு வரி பற்றவைத்து ஆறவிட்டால் புஷ் சுருங்கித் தளரும். பற்றவைக்குமுன் பாட்டரித் தொடர்பை நீக்கி, கிரீஸைத் துடைத்துவிட வேண்டும்.

4. துவாரத்தைச் சுத்தம் செய்து அளந்து பார்க்க. புதிய புஷ்ஷைக் குளிரவைத்தால் சிறிது சுருங்கி எளிதில் நுழையும். நீண்ட போல்ட்டும் தட்டுகளும் கொண்டு நேராக இழுத்துப் பொருத்துக. கிரீஸ் துவாரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக அமைதல் முக்கியம்.

5. துவாரம் நேராக உள்ளதா என்று விரல் விட்டுப் பார்த்தல் ஒருபோதும் கூடாது. கை சற்று நகர்ந்தாலும் விரல் துண்டாகும்.

6. தேய்ந்த பின்னைப் புதிய புஷ்ஷில் செருகினால் புஷ் விரைவில் கெடும். ஆதலால் தேய்ந்த பின்னையும், தூசி தடுக்கும் சீலையும் உடன் மாற்றுக. பக்க ஆட்டத்தைச் சிம் தகடுகளால் குறைக்கலாம்.

இவ்வளவும் முடிந்தபின், புதுக் கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை பம்பு செய்க. அதன்பின் நாள்தோறும், சேற்றிலும் நீரிலும் வேலையாயின் இன்னும் அடிக்கடி, கிரீஸ் இடுதல் வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் யாவரும் மெக்கானிக்குகளாக வேண்டியதில்லை. வேலை தொடங்குமுன் பக்கெட்டை மெல்ல அசைக்கச் சொல்லி மூட்டுக்களைப் பார்த்தாலே போதும். நெம்புகோல் அசைந்த பின்னும் பக்கெட் தாமதித்து ஆடுமாயின், அதைச் சீர்செய்து கொண்டுவருமாறு உரிமையாளரிடம் தயங்காது கூறலாம். கொடுப்பது ஊர்ப்பணம், நிமிர வேண்டியது ஊர்க்கரை. இவ்விரண்டையும் காக்கும் பொறுப்பு அங்கத்தினர்களுடையதேயாகும்.