மானியம் யாருக்குப் போகுது? பட்டியலைப் படிக்க ஒரு பாடம்



இந்த வார எபிசோடில் ஓப்பன் டேட்டா பற்றிப் பேசினோம். நேரம் பத்தாமல் விட்ட விவசாய மானியப் பகுதி இதோ, எழுத்தில். கேள்வி ஒண்ணுதான்: பணம் வாங்கினவங்க பெயரைப் போட்டுட்டா, கணக்கு வெளிப்படையா இருக்குன்னு அர்த்தமா?

1. தமிழ்நாட்டில் நடந்தது

பிஎம் கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. தகுதியுள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய். மூணு தவணையா, நேரா வங்கிக் கணக்குக்கு. இணையதளத்தில் மாநிலம், மாவட்டம் என்று தேர்ந்தெடுத்து ஊர் வரைக்கும் போனால் பயனாளிகளின் பெயர்கள் வரும்.

2020 ஆகஸ்ட்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் மோசடி வெளியே வந்தது. இடைத்தரகர்கள் அலுவலர்களின் லாகின், பாஸ்வேர்டை வைத்து விவசாயிகளே இல்லாதவர்களைச் சேர்த்திருந்தார்கள். கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதாரைக் கொடுத்த ஏழைகளும் அதில் உண்டு. அப்போதைய வேளாண்துறை முதன்மைச் செயலர் ககன்தீப் சிங் பேடி சொன்ன கணக்கு: சுமார் 5.5 லட்சம் பேர், 110 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்க, தலைக்கு 2,000. அதாவது ஒரே ஒரு தவணை!

2. பெயர்ப் பட்டியலில் ஏன் தெரியாது?

ஒரு கிராமத்தின் பட்டியலில் புதுசா பத்துப் பெயர் வந்தால் யாருக்கும் உறுத்தாது. ஒரே மாவட்டத்தில் சில வாரங்களில் பதிவுகள் எகிறினால்தான் உறுத்தும். அதைப் பார்க்க மூணு விஷயம் வேணும்: பதிவான தேதி, எந்த லாகினில் இருந்து பதிவானது, மாவட்ட வாரியான எண்ணிக்கை. மோசடியின் தடயம் பெரும்பாலும் இந்த மூணில்தான் இருக்கும், பெயரில் இல்லை.

இன்னொரு உதாரணம். காமன்வெல்த் மனித உரிமை அமைப்பைச் சேர்ந்த வெங்கடேஷ் நாயக், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விவரம் வாங்கி 2021 ஜனவரியில் வெளியிட்டார். நாடு முழுக்கத் தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி போயிருந்தது. அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுபவர்கள். ஊர் ஊராகப் பெயரைப் படித்தால் இது தெரிந்திருக்காது. மொத்தக் கணக்கு கைக்கு வந்ததால்தான் தெரிந்தது.

3. எல்லார் பெயரையும் போடலாமா?

ஐரோப்பாவில் இதே சண்டை நீதிமன்றம் வரை போனது. விவசாய மானியம் வாங்கும் ஒவ்வொரு தனிநபரின் பெயரையும் தொகையையும் பாகுபாடில்லாமல் வெளியிடுவது தனியுரிமையை மீறுகிறது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010 நவம்பரில் சொன்னது. பிறகு 2013-ல் வந்த விதியில் ஒரு வரம்பு வைத்தார்கள்: வருஷத்துக்கு 1,250 யூரோ வரை வாங்கும் சின்ன விவசாயிகளின் பெயரை மறைக்கலாம், அதற்கு மேல் வாங்கினால் பெயர் வரும்.

நாம இருக்கும் கனடாவிலும் வரம்பு உண்டு. 25,000 டாலருக்கு மேற்பட்ட மத்திய அரசு மானியங்களை வெளியிட வேண்டும் என்று 2019-ல் தகவல் அணுகல் சட்டத்திலேயே சேர்த்தார்கள்.

என் கட்சி இதுதான்: தொகை பெருசா இருந்தால் பெயர் வேணும். எல்லாருக்கும் ஒரே சின்னத் தொகை என்றால் பெயரை விட, பதிவு எப்படி நடந்தது என்ற விவரம்தான் முக்கியம். 2,000 ரூபாய் வாங்கும் பாட்டியின் பெயரை உலகத்துக்கே காட்டிவிட்டு, அவரைப் பதிவு செய்த லாகினை மறைத்து வைத்தால், வெளிச்சம் தப்பான பக்கம் விழுது.

வீட்டுப்பாடம்

கனடா அரசின் ஓப்பன் கவர்ன்மென்ட் தளத்தில் மானியங்களுக்கான சிஎஸ்வி கோப்பை இறக்குங்க. விவசாயத் துறை, கியூபெக் என்று வடிகட்டி, தொகை வாரியா அடுக்குங்க. அடுத்து பிஎம் கிசான் தளத்தில் உங்க சொந்த ஊர்ப் பட்டியலைத் திறங்க. இரண்டிலும் எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்குது, எதுக்குக் கிடைக்கலைன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதை வைத்தே பேசுவோம்.

மான்ட்ரியலில் இருந்து அன்புடன்.