எல்ம் மொழியும் அன்றாட வலைப்பணியும்

வலைப் பக்கங்களை இயக்கும் நிரல்கள் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படுகின்றன. அம்மொழியில் ஒரே தரவை நிரலின் பல பகுதிகள் மாற்றக்கூடுமாதலால், பிழையின் தோற்றுவாயைக் காண்டல் அரிதாகின்றது. இக்குறை நீங்கிய எல்ம் மொழியை, ஈவன் சாப்லிக்கி என்பார் 2012-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் விளக்கினார். இது கணிதச் சார்பை அடிப்படையாகக் கொண்டது: ஒரே உள்ளீட்டிற்கு என்றும் ஒரே விடை, ஒருமுறை அமைந்த மதிப்பு பின்னர் மாறுவதில்லை.

மாணவர் பட்டியலில் ஒரு பதிவெண்ணைத் தேடுவதாகக் கொள்வோம். அவ்வெண் இல்லாதிருத்தலுங் கூடும். ஜாவாஸ்கிரிப்டில் இதனை மறந்தால், பயன்படுத்துவோர் கண்ணெதிரே பக்கம் செயலற்று நிற்கலாம். எல்மிலோ 'மேபி' என்னும் வகை, 'உண்டு', 'இல்லை' ஆகிய இரு நிலைகளுக்கும் வழி எழுதுமாறு கட்டாயப்படுத்துகின்றது. ஒன்றை விடுத்தாலும் தொகுப்பி நிரலை ஏற்காது. தொடக்கத்தில் இது தொல்லையாகவே தோன்றும்.

எனினும், மொழியின் சிறப்பு ஒன்றே போதாது. 2018-இல் வெளிவந்த 0.19 பதிப்பு, ஜாவாஸ்கிரிப்டை நேரே கலந்தெழுதும் வழியை அடைத்துவிட்டது. அதனை நம்பியிருந்தோர் 'போர்ட்' எனப்படும் வாயில்கள் வழியே செய்தி அனுப்புமாறு நிரலைத் திருத்த நேர்ந்தது. இது சிறு செலவன்று. ஆதலின், புதிதாகக் கைக்கொள்வோர் ஒரு படிவத்தை மட்டும் எல்மில் எழுதிப் பழைய பக்கத்தினுள் பொருத்திப் பார்த்தல் நலம். பக்கத்தின் ஓர் உறுப்பினுள் அடங்கி இயங்க அது வல்லது.