முகூர்த்த மாதத்திலும் எடை ஏறாமல் இருக்க

பத்து கிலோ குறைத்தவரைப் பார்த்தால் "எப்படிக் குறைச்சீங்க?" என்று ஊரே கேட்கும். அடுத்த வருஷமும் அதே எடையில் நிற்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. இரண்டில் கடினமானது இரண்டாவதுதான். குறைக்கும்போது வாரா வாரம் இறங்கும் எண் உற்சாகம் தரும். குறைந்த பிறகு எண் அசையாது. அசையக் கூடாது என்பதுதான் நோக்கமே. மச்சினன் கல்யாணம், ஆடி அழைப்பு, பையனின் பொதுத்தேர்வு, நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போவது எல்லாம் அந்தச் சமயத்தில்தான் வரிசையாக வரும்.

உடம்பும் நம் பக்கம் நிற்பதில்லை. 2011-ல் வெளிவந்த மெல்பர்ன் ஆய்வு ஒன்றில், 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் கூடியே இருந்தது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைந்தே இருந்தது. ஆகவே பந்தியில் இன்னொரு கரண்டி பாயசத்துக்கு மனம் போனால், கட்டுப்பாடு இல்லாத ஆள் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். பசி உண்மையிலேயே கூடியிருக்கிறது. அதற்கேற்ற ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம்.

1. ஒரு மேல்கோடு போடுங்கள்

62 கிலோ என்ற ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் தினமும் ஏமாற்றம்தான். 61-லிருந்து 63 வரை எதுவும் சரி, 64-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள், காலையில் கழிப்பறை போய்வந்து, காபிக்கு முன், ஒரே மெஷினில் பாருங்கள். மெஷின் வெறும் தரையில் இருக்கட்டும். மிதியடி மேல் வைத்தால் எண் மாறும். அடுப்படியில் தொங்கும் மாதக் காலண்டரிலேயே குறித்து வைக்கலாம். குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருஷமாவது காப்பாற்றியவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்து வருகிறார்கள். அவர்களில் நான்கில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடலுழைப்பு உள்ளவர்கள்.

விருந்துக்கு மறுநாள் மட்டும் மெஷினில் ஏறாதீர்கள். அரிசியும் இனிப்பும் கிளைகோஜனாக உடம்பில் சேரும்போது, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஊறுகாய், அப்பளம், சாம்பாரின் உப்பும் நீரைத் தேக்கும். அதனால் ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ கூடியதாகக் காட்டலாம். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகையாகச் சாப்பிட வேண்டும். எந்தக் கல்யாணச் சாப்பாட்டிலும் அவ்வளவு கிடையாது. மூன்று நாள் கழித்துப் பாருங்கள். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் இந்த நீர் ஏற்றம் உண்டு. மாதம் ஒருமுறை இடுப்பையும் டேப்பால் அளங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கை அளவு.

2. பத்திரிகை வந்ததும் பிரித்து வையுங்கள்

வைகாசி, ஆவணி, தை மாதங்களில் ஒரே வாரத்தில் மூன்று பத்திரிகை வருவது சாதாரணம். நம் வீட்டு விசேஷம் எது, நெருங்கிய சொந்தம் எது, தலையைக் காட்டினால் போதும் என்பது எது என்று அன்றைக்கே காலண்டரில் வேறு வேறு மையில் குறியுங்கள். நம் வீட்டு விசேஷத்தில் மனசாரச் சாப்பிடுங்கள். கணக்கைத் தலைகாட்டும் விசேஷங்களில் சரிசெய்யலாம். சாயங்கால ரிசப்ஷன் என்றால் ஏழு மணிக்கே வீட்டில் இரண்டு சப்பாத்தியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மேடையேறி வாழ்த்தி, மொய் எழுதி, சொந்தக்காரர்களோடு பேசிவிட்டு வரலாம். "சாப்பிடாம போறியே" என்று பிடித்தால், "வீட்ல சாப்பிட்டு வந்துட்டேன் சித்தி, ஒரு ஸ்வீட் மட்டும் எடுத்துக்கறேன்" என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

3. இலைக்கு முன்னால்

மத்தியானம் விருந்து என்று காலையில் பட்டினி கிடப்பது பெரிய தப்பு. இரண்டரை மணிப் பந்தியில் கண் இருட்டிக்கொண்டு உட்காருபவர் பரிமாறுவதையெல்லாம் வாங்கிக்கொள்வார். முதல் பந்தியிலோ இரண்டாவதிலோ உட்காருங்கள். பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டு முடியுங்கள். சாதம் போட வருபவரிடம் "கொஞ்சமா" என்றால் அவர் கணக்கில் அது முழுக் கரண்டி. "அரைக் கரண்டி" என்று அவர் குனியும் முன்பே சொல்லி, இலைக்கு மேல் கையை வையுங்கள். சாம்பார், காரக்குழம்பு, ரசம் மூன்றுக்கும் தனித்தனியாகச் சாதம் வேண்டியதில்லை, ஒன்றை விட்டுவிடலாம். மோர் எவ்வளவு வேண்டுமானாலும் குடியுங்கள். இனிப்பில் உங்களுக்கு உயிரானது எதுவோ அதை நிதானமாக ருசித்துச் சாப்பிடுங்கள். பிடிக்காத ஜாங்கிரியை இலையில் இருக்கிறதே என்று தின்பதில் ஒரு பயனும் இல்லை.

மத்தியான இலையைவிடக் காலை டிபனையே நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். நெய் மிதக்கும் பொங்கல், வடை, பூரி, கேசரி, இரண்டு காபி. யாரும் அதை விருந்து என்று எண்ணுவதே இல்லை. இரண்டு இட்லி, ஒரு வடை, நிறைய சாம்பார் என்று முடித்துக்கொண்டால் மத்தியானம் தாராளமாக இருக்கலாம்.

நம் வீட்டுக் கல்யாணமென்றால் சிக்கல் வேறு. மூன்று நாள் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. சமையல்கட்டுக்குப் போகும்போதெல்லாம் கையில் ஒரு பஜ்ஜி, மணிக்கொரு காபி. இந்த மூன்று நாளைக்கும் ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: உட்காராமல் எதையும் வாயில் போடுவதில்லை. மண்டபத்தில் ஓடுகிற ஓட்டத்துக்கு வேறு உடற்பயிற்சி தேவையில்லை.

"எலும்பும் தோலுமா ஆயிட்டியேடி" என்று பாட்டி இன்னொரு லட்டுவோடு வந்தால் மறுத்து வாதம் செய்யாதீர்கள். "பாட்டி, அந்த ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்களேன்" என்று கேளுங்கள். நமக்கு ஒத்துக்கொள்வதை நாமே கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அவர் முகம் மலரும். அவர் கையால் பரிமாறும் சந்தோஷத்தை நாம் ஏன் தடுக்க வேண்டும்?

4. மிச்சத்தை அன்றிரவே அனுப்புங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள். எடை ஏறுவது பெரும்பாலும் விருந்தன்று இல்லை, அதற்குப் பிந்தைய பத்து நாளில். சீர் முறுக்கு, அதிரசம், லட்டு எல்லாம் டின் டின்னாக வீட்டில் இருக்கும். டிவி பார்க்கும்போது ஒன்று, காபியோடு ஒன்று. 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 195 பேரைத் தொடர்ந்து கவனித்தது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையிலான விழாக்காலத்தில் அவர்களுக்குக் கூடியது சராசரியாக 0.37 கிலோதான். ஆனால் அது பிறகு இறங்கவில்லை. நமக்கோ ஆடியில் தொடங்கி, நவராத்திரி, தீபாவளி, பொங்கல் வரை விழாக்காலம் நீளும்.

ஆகவே பைகள் வீட்டுக்குள் வந்த அன்றிரவே பிரியுங்கள். அக்கம்பக்கத்துக்கு, வாட்ச்மேனுக்கு, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு, ஆபீஸுக்கு என்று புதிதாக இருக்கும்போதே கட்டிக் கொடுங்கள். பத்து நாள் கழித்துச் சிக்கு வாடையோடு கொடுப்பது மரியாதையும் இல்லை. வீட்டுக்கென ஒரு சின்ன டப்பா போதும். கண்ணாடி ஜாடியில் சாப்பாட்டு மேஜை மேல் வைக்காமல், எவர்சில்வர் டப்பாவில் பரணில் வையுங்கள். நவராத்திரிச் சுண்டலுக்கு மட்டும் இந்த விதி இல்லை. புரதமும் நாரும் உள்ள பண்டம் அது, மீந்தால் அதையே இரவுச் சாப்பாடாக்கலாம்.

5. நாயோடு நடப்பது

வீட்டில் நாய் இருந்தால் மழையோ விசேஷமோ காலையில் ஒருவர் வெளியே போயாக வேண்டும். எடையைக் காப்பாற்ற இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் நாயோடு போவதெல்லாம் நடைப்பயிற்சி ஆகிவிடாது. கம்பத்துக்குக் கம்பம் நின்று மோப்பம் பிடிக்கும் நாயோடு அரை மணி போனால் பத்து நிமிஷம்தான் உருப்படியாக நடந்திருப்போம். அதனால் இரண்டாகப் பிரியுங்கள். முதல் கால் மணி அதனுடையது. எங்கே வேண்டுமானாலும் மோந்து பார்க்கட்டும், மோப்பம் அதற்கு மனசுக்கு நல்லது. அடுத்த அரை மணி, பட்டையைச் சற்றுக் குட்டையாகப் பிடித்து, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். வாரத்தில் ஐந்து நாள் இப்படி நடந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச 150 நிமிஷம் கைக்கு வந்துவிடும். சித்திரை வைகாசி வெயிலில் காலை ஆறரைக்குள் திரும்பிவிடுங்கள். தார் ரோட்டில் புறங்கையைச் சில நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

அடுத்தது பிஸ்கட். நாலு மணி டீக்கு நமக்கு இரண்டு, பார்த்துக்கொண்டிருக்கும் அதற்கு ஒன்று. பிறகு அது கேட்கிறதே என்று இன்னொரு பாக்கெட் பிரித்து நாமும் எடுத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்கு இருவருக்கும் வெள்ளரிக்காயோ கேரட்டோ நறுக்கி வையுங்கள். லாப்ரடார் எப்போதும் பசியோடு பார்ப்பது நடிப்பு என்று நினைக்காதீர்கள். ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணுவில் குறை இருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதற்கும் அளந்துதான் போட வேண்டும். தடவினால் விலா எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு விலா தெரிவது இயல்பு. பாவம் ஒல்லியாக இருக்கிறதே என்று ஊட்டிக் கெடுக்காதீர்கள்.

விருந்து மிச்சத்தை நாய்க்குப் போடுவது நல்லதில்லை. பாயசத்திலும் கேசரியிலும் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே பழுதாக்கலாம். வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பிரியாணியில் வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

6. மற்ற நாட்கள்

வருஷத்தில் பெரும்பகுதி விசேஷமில்லாத நாட்கள்தான். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் எண்ணெய் செலவானால், ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம். இரண்டு லிட்டராக்கினால் 15 கிராம். ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி என்பதால், யாரும் ஒரு வாய் சோறுகூடக் குறைக்காமல் தலைக்கு 135 கலோரி மிச்சம். மாத மளிகை வாங்கும்போதே அளந்து வாங்கினால் தாளிக்கும் கை தானாகவே சுருங்கும். நாலு டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் போடுகிற சர்க்கரையை ஒன்றாகக் குறையுங்கள். தட்டில் சாதத்தின் அளவுக்குக் காயும், கூடவே முட்டையோ பருப்போ மீனோ இருக்கட்டும். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளும் தண்டால் என்று தசைக்கு வேலை கொடுங்கள். எடை குறையும்போது தசையும் கொஞ்சம் போயிருக்கும்.

7. எதுவும் ஓடாத வாரம்

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் துணைக்கு இருக்கும் வாரத்தில், கேன்டீன் பரோட்டாவும் ராத்திரி இரண்டு மணி டீயும்தான் கிடைக்கும். துக்க வீட்டில் உறவினர் கொண்டுவருவதைத்தான் சாப்பிட முடியும். அந்த நாட்களில் எடையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எப்படியாவது ஆறு மணி நேரத் தூக்கத்துக்கு ஆள் மாற்றி ஏற்பாடு செய்யுங்கள். தூக்கம் கெட்டால் பசி கூடும். பையில் வாழைப்பழமும் வறுத்த கடலையும் வைத்திருங்கள். மற்றதெல்லாம் வீடு திரும்பியபின் பார்க்கலாம்.

8. மேல்கோட்டைத் தாண்டினால்

இரண்டு வாரம் தொடர்ந்து 64-க்கு மேலேயே நின்றால், அன்றைக்கே தொடங்குங்கள். தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் 67-ல் வந்து நிற்கும். பதினைந்து நாளைக்கு இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கிடையாது. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். நடையில் இருபது நிமிஷம் கூடுதல். பட்டினியும் ஜூஸ் விரதமும் வேண்டாம், அவை முடிந்த மறுநாள் பசி இரட்டிப்பாகத் திரும்பும். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினால் அடுப்படியும் ஒத்துழைக்கும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் மாற்றக் கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாமல் எடை தொடர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். நாலைந்து நாளில் மளமளவென்று ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.