விளையாட்டுக் காயங்களும் மூளையும்

கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியிலுள்ள ஜாதவ்பூர் பல்கலைக்கழக மைதானத்தில், 2015 ஏப்ரல் 17ஆம் நாள் கிரிக்கெட் பந்தயம் ஒன்று நடைபெற்றது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அங்கித் கேஷ்ரி, உயரே எழும்பிய பந்தைப் பிடிக்க ஓடினார். அதே பந்தை நோக்கி விரைந்த பந்து வீச்சாளருடன் மோதி, நினைவிழந்து வீழ்ந்தார். ஏப்ரல் 20ஆம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவருக்கு வயது 20. பந்தும் மட்டையும் தாக்காமலே, ஆட்டக்காரர் இருவர் மோதிக்கொள்வதாலும் பேராபத்து நேரலாம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

மூளை அதிர்வு யாது?

மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மென்மையான உறுப்பு. மண்டையோட்டினுள் அதனைச் சூழ்ந்துள்ள நீர், அன்றாட அசைவுகளின் அதிர்ச்சியைத் தாங்குகின்றது. ஓடும் பேருந்து திடீரென நின்றால் பயணிகள் முன்சாய்வர் அன்றோ? அவ்வாறே, விரையும் தலை சட்டென நின்றாலும் திரும்பினாலும் மூளை உள்ளே உலைவுறுகின்றது. நரம்பணுக்களின் நுண்ணிழைகள் இழுபட்டு, அவற்றின் வேலை சிறிது காலம் குலைகின்றது. இதுவே மூளை அதிர்வு. தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்க உதவும். உள்ளசைவை முற்றிலும் தடுக்காது. மூளை அதிர்வுற்றோருள் பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை என்பதும் கருதத்தக்கது.

மறைந்து நிற்கும் ஆபத்து

சில வேளைகளில் மண்டையோட்டினுள் இரத்தம் மெல்லக் கசிந்து மூளையை அழுத்தும். அடிபட்டவர் முதலில் நலமாகவே காணப்படுவார். 1998 பிப்ரவரி 20ஆம் நாள் டாக்காவில், மட்டையாளருக்கு மிக அருகே தலைக்கவசமின்றி நின்ற ராமன் லம்பாவின் தலையில் பந்து தாக்கியது. தாமே நடந்து வெளியேறிய அவர், பின்னர் நினைவிழந்து 23ஆம் நாள் காலமானார்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யவேண்டியவை

1. தலையில் அடிபட்ட மாணவர் தலைவலி, மயக்கம், குழப்பம், தள்ளாட்டம், மங்கிய பார்வை ஆகியவற்றுள் ஒன்றைக் காட்டினும் உடனே ஆட்டத்தை விட்டு நீக்குக. ஐயம் தோன்றினும் நீக்குக. அன்று மீண்டும் ஆடவிடலாகாது.

2. நினைவிழந்தவரின் கழுத்தை அசைக்கலாகாது. மூச்சு ஓடுகின்றதா எனப் பார்த்து, உடனே ஆம்புலன்சை அழைக்க.

3. மீண்டும் மீண்டும் வாந்தி, மிகுந்துவரும் தலைவலி, வலிப்பு, கைகால் தளர்ச்சி, கண்மணிகள் அளவில் வேறுபடுதல், மூக்கிலோ காதிலோ நீர் வடிதல் ஆகியவை அபாயக் குறிகள். இவற்றைக் கண்டால் மருத்துவமனைக்கு அனுப்புவதில் தாமதம் கூடாது.

4. மாணவரைத் தனியே வீட்டிற்கு அனுப்பலாகாது. பெற்றோரிடம் இக்குறிகளை விளக்கி, இரவும் கவனிக்கச் சொல்லுக.

5. முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு வேண்டும். பின்னர் நடை, பாடம், இலேசான பயிற்சி எனப் படிப்படியாகத் திரும்பலாம். மருத்துவர் இசைந்த பின்னரே பந்தயம்.

முதல் அதிர்வு ஆறுமுன் மீண்டும் அடிபட்டால், மூளை வீங்கி உயிருக்கே கேடு விளையக்கூடும். இளைஞர்க்கு இவ்வாபத்து மிகுதி. இதனையுணர்ந்தே 2019 முதல் பன்னாட்டுக் கிரிக்கெட்டில், மூளை அதிர்வுற்றவருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கவும் பந்து வீசவும் விதி இடமளிக்கின்றது. பள்ளி ஆட்டங்களிலும் இம்முறையைக் கைக்கொள்ளத் தடையில்லை. ‘எனக்கு ஒன்றுமில்லை, ஐயா’ என்று மாணவன் கூறுவது அவனுடைய ஆர்வத்தைக் காட்டுமேயன்றி, அவன் மூளையின் நிலையைக் காட்டாது. அவனை வெளியே அமர்த்தும் பொறுப்பு ஆசிரியருடையது.