அணு யார் வீட்டுச் சொத்து?

நம்பிக்கை: அணுவை முதலில் சொன்னவர்கள் தமிழர்கள். கிரேக்கர்கள் அதை இரவல் வாங்கினார்கள். இன்றைய விஞ்ஞானம் அதையே நிரூபித்துவிட்டது.

உண்மை: இந்த மூன்றுக்கும் சான்று இல்லை. சான்று இருப்பது வேறொன்றுக்கு: ஒரு பொருள் எப்படி வேறொன்றாக மாறுகிறது என்ற ஒரே புதிருக்கு இரு நாட்டாரும் காரணம் காட்டி விடை தேடினார்கள். மலேசியாவின் கோலா கங்சாரில் 1877-இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட பிறகு பேராக் தோட்டங்கள் அந்தப் புதிரை அன்றாடம் கண்டன. மங்குக் கிண்ணத்திலிருந்து வாளிக்கு வந்த ரப்பர் பால், ஆசிட் கலந்ததும் கட்டியாகிறது. பால் எங்கே போனது, கட்டி எங்கிருந்து வந்தது? இத்தகைய மாற்றத்துக்குக் கிரேக்கர்கள் பல விடைகள் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மூலம் நீர் என்றார் கி.மு. 6-ஆம் நூற்றாண்டுத் தேலீஸ். காற்றே இறுகியும் தளர்ந்தும் எல்லாமாகிறது என்றார் அனாக்சிமினிஸ். இல்லாததிலிருந்து எதுவும் பிறக்காது, ஆகவே மாற்றமே பொய்த்தோற்றம் என்று மறித்தார் பார்மெனிடீஸ். நிலம், நீர், தீ, காற்று நான்கும் அழிவதில்லை, கலப்பும் பிரிவுமே மாற்றம் என்றார் எம்பெடாக்ளீஸ். லூசிப்பஸும் டெமாக்ரிட்டஸும் பகுக்க முடியாத துகள்களையும் வெற்றிடத்தையும் வைத்து விடை சொன்னார்கள். துகள்களுக்கு நிறமோ சுவையோ கிடையாது. வடிவும் வரிசையும் கிடக்கும் நிலையுமே வேறுபாடு.

நம் பக்கத்துச் சான்று மணிமேகலைக் காப்பியத்தில் இருக்கிறது. வஞ்சி நகரில் பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள் மணிமேகலை. அங்கே ஆசீவகர் என்ற சமயத்தார் சொல்வது அணுக்கொள்கை: நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்கள் நான்கு, உயிரணு ஒன்று. அவை புதிதாகப் பிறப்பதில்லை, பிளப்பதுமில்லை. நீர் கீழே ஓடும், தீ மேலே எழும் என அணுக்களுக்கே தனித்தனி இயல்பு உண்டு. அணு கண்ணுக்குத் தெரியாதே என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது: மாலை மங்கலில் ஒற்றை மயிர் தெரியாது, கற்றை தெரியும்.

இவ்வளவு ஒற்றுமை கடன் வாங்காமல் வருமா என்று கேட்கலாம். வரும். மாற்றத்தை விளக்க முனைபவருக்கு வழிகள் சிலவே. அழியாத சிறு பொருள்கள் சேர்ந்து பிரிகின்றன என்பது அவற்றுள் ஒன்று. கடன் வாங்கியிருந்தால் அதைக் காட்டும் நூற்சான்று வேண்டும். இரு பக்கத்திலும் அது இல்லை. வேற்றுமையோ அடிப்படையானது. டெமாக்ரிட்டஸின் அணுவுக்கு இயல்பு வடிவத்தால் வருகிறது. ஆசீவகரின் அணு நிலமாகவோ நீராகவோ இருந்தே தொடங்குகிறது. வகைப்பாட்டில் அது எம்பெடாக்ளீஸுக்கே நெருக்கம்.

விஞ்ஞானத்தின் அணுவோ வேறு வழியில் வந்தது. 1808-இல் வெளிவந்த நூலில் டால்டன் எடை விகிதங்களைக் கொண்டு அணுவை நிறுவ முயன்றார். 1897-இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டதும் 'பகுக்க முடியாதது' என்ற பேச்சே உடைந்தது. அப்படியானால் பழையவர்களின் சிந்தனை வீணா? இல்லை. ரப்பர் பாலின் நுண்துகள்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. ஆசிட் அந்த விலக்கத்தைத் தணிக்க, அவை ஒட்டிக்கொள்கின்றன. மாற்றத்தைச் சேர்க்கையால் விளக்கும் வழி இன்றும் நிலைக்கிறது. அணுவைப் பற்றிய விவரங்கள் நிலைக்கவில்லை.

முன்னோரை மதிப்பதென்றால் அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் திணிக்கக் கூடாது. அடுத்த முறை யாராவது மேடையில் அணுப்பெருமை பேசினால், எந்த நூல், என்ன காரணம் என்று கேளுங்கள். மணிமேகலையின் 27-ஆம் காதையையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.