சுருதி சேர்த்தல்

பொருநை பாயும் திருநெல்வேலியில் நெல்லையப்பர் திருக்கோயிலுக்குச் செல்வோர், அங்குள்ள இசைத்தூண்களைக் கண்டு வியவாது திரும்புவதில்லை. பெருந்தூண் ஒன்றைச் சூழ்ந்து சிறு தூண்கள் பல நிற்கின்றன. அவை தனித்தனியே செய்து பொருத்தப்பட்டவை அல்ல. ஒரே கல்லினின்று செதுக்கி எடுக்கப்பட்டவை. ஒரு தூணைத் தட்டினால் ஓர் ஒலியும், அடுத்ததைத் தட்டினால் வேறோர் ஒலியும் எழுகின்றன. கல்லின் பருமனும் நீளமும் வேறுபட, ஒலியும் வேறுபடும் என்பதை அச்சிற்பியர் அறிந்திருந்தனர். ஆயினும், உளி பட்ட கல்லைப் பழைய நிலைக்குக் கொணர இயலாது. சிற்பி வைத்த ஒலியே அத்தூணின் ஒலி. பாடுவோர் அதனோடு இணங்க வேண்டுமேயன்றி, அது பாடுவோரோடு இணங்காது.

இதற்கு மாறான கருவியும் இந்நாட்டில் உண்டு. சேரன்மாதேவியை அடுத்த காருகுறிச்சியில் 1921ஆம் ஆண்டு பிறந்து, 1964ஆம் ஆண்டு மறைந்த அருணாசலம் அவர்களின் நாகசுரத்தைக் கேட்டு மகிழாதார் இலர். நாகசுரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழே. ஆனால், வாசிப்போர் மூச்சின் விசையை மாற்றியும், சீவாளியை உதட்டால் அழுத்தியும், துளையைப் பாதி மூடியும் இரு சுரங்களுக்கு இடையிலுள்ள நுண்ணொலிகளை எல்லாம் எழுப்புவர். அங்கே சுரத்தின் இடத்தை முடிவு செய்வது துளை அன்று, கலைஞரின் செவியே.

ஆகவே, இசைக்கருவிகளை இருவகையாகப் பிரிக்கலாம். வாசிக்கும்போதே சுரத்தைத் திருத்திக்கொள்ள இடந்தருவன ஒருவகை. முன்னரே வைத்த சுரத்தையன்றி வேறொன்றை ஒலிக்காதன மற்றொரு வகை. இசைத்தூண் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மேனாட்டினின்று வந்த பியானோவும் ஆர்மோனியமும் அவ்வகையினவே. பியானோவில் நம் இராகம் ஒன்றை வாசித்தால், சில சுரங்கள் சற்றே பிசகி ஒலிப்பதாகப் பழகிய செவி உணர்கின்றது. அக்கருவி பழுதுபட்டதா? அன்றிச் சுரங்களின் கணக்கிலேயே ஏதேனும் சிக்கல் உண்டா? இதனை ஆராய்தல் பயனுடைத்து.

முதலில், இரண்டு ஒலிகள் இணங்குவது எவ்வாறு என்பதை அறிதல் வேண்டும். 90 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி மீட்டுக. அதன் ஒலியைச் ‘ச’ எனக் கொள்வோம். இழுவிசையை மாற்றாது, சரிபாதியாகிய 45 சென்டிமீட்டரை மட்டும் ஒலிக்கச் செய்தால் மேல் ஸ்தாயிச் ‘ச’ பிறக்கும். மூன்றில் இரு பங்காகிய 60 சென்டிமீட்டர் ‘ப’ என்னும் சுரத்தைத் தரும். ஐந்தில் நான்கு பங்காகிய 72 சென்டிமீட்டர் அந்தர காந்தாரத்தைத் தரும். இவ்வாறு சிறு எண்களின் விகிதத்தில் அமையும் ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து இனிக்கும். விகிதம் சற்றே தவறினால், இரண்டு ஒலிகளும் ஒருங்கே எழும்போது, ஒலி பெருகியும் தேய்ந்தும் அலைவதுபோல் தோன்றும். இதனை விம்மல் என்பர். தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்போர் பிரடையை மெல்லத் திருகிக்கொண்டே செவி சாய்த்திருப்பது இவ்விம்மல் அடங்குவதை அறிவதற்கே.

இனிச் சிக்கலைக் காண்போம். பழந்தமிழர் முதற்சுரத்தைக் குரல் என்றும், அதிலிருந்து ஐந்தாவதாக நிற்பதை இளி என்றும் வழங்கினர். ஒரு சுரத்திற்கு அதன் ஐந்தாம் சுரத்தைக் காண்பதும், அதனையே முதலாகக் கொண்டு அதற்கும் ஐந்தாம் சுரத்தைக் காண்பதுமாகத் தொடர்ந்து சென்றால், புதிய சுரங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். நம் கம்பியில் இதனைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் மூன்றில் இரு பங்கு எடுத்தல் வேண்டும்; நீளம் 45க்குக் கீழே சென்றால், அதனை இருமடங்காக்கி அதே ஸ்தாயிக்குள் கொணர்தல் வேண்டும். 90, 60, பின்னர் 40, அதன் இருமடங்கு 80, பின்னர் 53.3 என்று கணக்குச் செல்லும். இவ்வாறு பன்னிரண்டு படிகள் ஏறினால், தொடங்கிய சுரத்திற்கே திரும்பிவிட வேண்டும். அதாவது, பன்னிரண்டாம் படி 45 சென்டிமீட்டரில், மேல் ஸ்தாயிச் ‘ச’வில் முடிதல் வேண்டும். ஆனால், அது 44.4 சென்டிமீட்டரில் முடிகின்றது. ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் வேறுபாடு! பழகாத செவியும் இதனை எளிதில் உணரும். கணக்கில் பிழை இல்லை. மீட்டியவர் கையிலும் பிழை இல்லை. மூன்றைப் பலமுறை தன்னாலேயே பெருக்கினாலும், இரண்டைப் பலமுறை தன்னாலேயே பெருக்கினாலும், இரு பெருக்கங்களும் என்றும் ஒன்றாகா. எண்ணின் இயல்பே இம்மிச்சத்திற்குக் காரணம். கிரேக்க நாட்டுப் பிதாகரசின் பெயரால் மேனாட்டார் இதனை வழங்குகின்றனர்.

இம்மிச்சத்தை நீக்க இயலாது. எங்கே வைப்பது என்பதே கேள்வி. ஓரிடத்தில் முழுவதையும் ஒதுக்கி வைத்தால், ஏனைய சுரங்கள் தூயனவாக நிற்கும். ஆனால், ஒதுக்கிய இடம் கேட்கத் தகாததாகிவிடும். ஆதார ‘ச’வை மாற்றாது வாசிப்போர்க்கு அதனால் பெருந்தீங்கு இல்லை. மேனாட்டு இசையோ ஒரு பாட்டின் இடையிலேயே ஆதார சுரத்தை மாற்றிச் செல்லும் இயல்புடையது. ஆதலின், அந்நாட்டார் மிச்சத்தைப் பன்னிரண்டாகப் பகுத்துப் பன்னிரண்டு படிகளுக்கும் சமமாகப் பங்கிட்டனர். இச்சம பங்கீட்டின் கணக்கை 1584ஆம் ஆண்டிலேயே சீன நாட்டு இளவரசர் சூ சாய்யூ வெளியிட்டிருந்தார் என்பது அறியத்தக்கது.

இன்றைய பியானோ இம்முறையில் சுருதி சேர்க்கப்படுவது. நம் 90 சென்டிமீட்டர்க் கம்பியில் வைத்துப் பார்த்தால், பியானோவின் ‘ப’ 60 சென்டிமீட்டருக்குப் பதிலாக 60.07இல் நிற்கும், இவ்வேறுபாடு மிகச் சிறிது. ஆனால், அதன் அந்தர காந்தாரம் 72க்குப் பதிலாக 71.4 சென்டிமீட்டரில் நிற்கும்; அதாவது, இயற்கையான இடத்தினின்று ஓர் அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு ஏறியிருக்கும். செவி உணரும் பிசகு இதுவே. எனவே, செம்மையாகச் சுருதி சேர்த்த பியானோவிலும் ‘ச’வும் அதன் மேல் ஸ்தாயியும் தவிர ஏனைய சுரங்கள் முற்றத் தூயன அல்ல. அக்குறை கருவி செய்தவரின் கவனமின்மையால் நேர்ந்ததன்று. எல்லாச் சுரங்களும் ஆதாரமாதற்கு உதவ வேண்டி, அறிந்தே ஏற்றுக்கொண்ட குறை.

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அரிய தொழில். அதன் 88 கட்டைகளுக்கு 200க்கும் மேற்பட்ட கம்பிகள் உண்டு. பெரும்பாலான சுரங்களுக்கு மும்மூன்று கம்பிகள். தொழிலாளர் முதலில் இசைக்கவை ஒன்றைத் தட்டி, விநாடிக்கு 440 அதிர்வுள்ள சுரத்தை நிலைநாட்டுவர். மூன்று கம்பிகளுள் இரண்டை ஒலிக்காதபடி அடக்கி, ஒன்றை மட்டும் சேர்ப்பர். இச்சுரத்தின் தூய ஐந்தாம் சுரத்திற்கு 660 அதிர்வுகள். ஆனால், அவர் அதனை 659.3 அளவில் நிறுத்துதல் வேண்டும். அப்போது இரண்டு விநாடிக்கு மூன்று விம்மல்கள் எழும். தம்பூராவில் விம்மலை அடக்குவது திறமை. பியானோவில் வேண்டிய அளவு விம்மலை எண்ணி விட்டுவைப்பது திறமை. நடு ஸ்தாயியை இவ்வாறு அமைத்தபின், மேலும் கீழுமுள்ள ஸ்தாயிகளை அதற்கேற்பச் சேர்ப்பர். இத்துணை உழைத்தும் அது நெடுநாள் நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒலிப்பலகை ஈரம் ஏற்றுப் பருக்கக் கம்பிகள் இறுகிச் சுருதி ஏறும். கோடையில் மரம் உலரச் சுருதி இறங்கும். பருவந்தோறும் சேர்க்கப்படாத பியானோவில், கணக்கின் பிசகோடு காலநிலையின் பிசகும் கூடிவிடும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

மேனாட்டினின்று வந்த கருவிகளுள் எதனை நம் இசை ஏற்றது என்பதை நோக்கின், இவ்வுண்மை மேலும் விளங்கும். முத்துசாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கற்று, எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக விளங்கினார். வயலினில் மெட்டுகள் இல்லை. விரல் எங்கே நிற்கின்றதோ அங்கே சுரம். விரல் வழுகினால் சுரமும் வழுகும். ஆதலின், அது தென்னாட்டு இசையரங்கில் உறவினரைப்போல் இடம்பெற்றது. ஆர்மோனியம் நாடகக் கொட்டகையிலும் வழிபாட்டுக் கூடத்திலும் பெரிதும் பரவிய போதிலும், அதன் சுரங்கள் நிலைத்து நிற்பன; கமகத்திற்கு இடந்தராதன. இக்குறையைக் காட்டி, அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு அக்கருவியை விலக்கியது. அத்தடை 1971ஆம் ஆண்டிலேதான் தளர்ந்தது.

ஆனால், சமமாகப் பங்கிட்ட சுரங்கள் தமிழிசைக்கு அயலானவை என்று எல்லாரும் ஒப்பினரல்லர். இதனை மறுத்து வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் நெல்லைச் சீமையிற் பிறந்த ஒருவரே. அவர் ஆபிரகாம் பண்டிதர். தென்காசியை அடுத்த சாம்பவர்வடகரையில் 1859ஆம் ஆண்டு பிறந்த அவர், தஞ்சையில் ஆசிரியராக இருந்து, பின்னர்ச் சித்த மருத்துவராகப் புகழ் பெற்றார். மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சிக்குச் செலவிட்டார். 1912ஆம் ஆண்டு தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களை அழைத்துச் சுருதி பற்றி ஆராயும் மாநாடுகளை நடத்தினார். 1916ஆம் ஆண்டு பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிற்குச் சென்று, தம் மகளிரைக்கொண்டு தம் கொள்கையை வீணையில் காட்டச் செய்தார். தம் ஆராய்ச்சியை 1917ஆம் ஆண்டு ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலாக வெளியிட்டார்.

ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் உண்டு என்பது நெடுங்காலமாக வழங்கிவந்த கொள்கை. பண்டிதர் அதனை ஏற்கவில்லை. மூன்றில் இரண்டு என்னும் விகிதத்தால் சென்றால் சுரங்களின் வட்டம் மேல் ‘ச’வில் வந்து முடியவில்லையே என்பது அவர் எழுப்பிய வினா. பழந்தமிழர் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகவும், நுட்பமாக நோக்குமிடத்து 24 சம சுருதிகளாகவும் பகுத்தனர் என்றும், வழக்கில் இரண்டு அலகு குறைத்துப் பாடிய முறையே 22 எனப் பிற்காலத்தாரால் கொள்ளப்பட்டது என்றும் அவர் வாதிட்டார். இக்கணக்கின்படி பியானோவின் பன்னிரண்டு சுரங்களும் பிசகியன ஆகா.

அவர் கொள்கையை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இலங்கையில் காரைதீவிற் பிறந்து, அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்ற விபுலாநந்த அடிகள், 1947ஆம் ஆண்டு வெளிவந்த தம் ‘யாழ் நூ’லில் 22 அலகு முறையையே அடிப்படையாகக் கொண்டு, விகிதங்களால் சுரங்களைக் கணக்கிட்டார். ஒருவர் வட்டம் நிறைவுற வேண்டும் என்பதை முதன்மையாகக் கொண்டார்; மற்றவர் விகிதத்தின் தூய்மையை முதன்மையாகக் கொண்டார். வட்டமும் நிறைதல் வேண்டும், விகிதமும் தூயதாதல் வேண்டும் என்றால், இரண்டும் ஒருங்கே கூடுவதில்லை என்பதை நம் கம்பியில் முன்னரே கண்டோம். இக்காலத்தில் கருவிகளால் அளந்து பார்த்தோர், பாடுவோர் ஒரு சுரத்தை எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்துவதில்லை என்றும், இராகத்திற்கும் கமகத்திற்கும் ஏற்ப அதன் இடம் சிறிது அசைகின்றது என்றும் கண்டுள்ளனர்.

எனினும், இரு பெரியோரும் நமக்குக் காட்டிய நெறி ஒன்றே. முன்னோர் சொல்லிவிட்டனர் என்று வாளா இருந்தாரல்லர். எண்ணால் அளந்தனர், கம்பியில் இட்டுப் பார்த்தனர். பண்டிதரோ அதனை மாற்றுக் கருத்துடையார் அவையிலே செவிக்குக் காட்டினார். அவர் 1919ஆம் ஆண்டு மறைந்தார். அவர் எழுப்பிய வினா இன்றும் இசைவாணரிடையே வழங்குகின்றது. மாணவர் இதனைப் பிறர் சொல்லக் கேட்டு நம்ப வேண்டுவதில்லை. ஒரு பலகை, ஒரு கம்பி, ஓர் அளவுகோல் ஆகிய மூன்றும் இருப்பின் போதும். பன்னிரண்டு படிகளையும் தாமே ஏறி, அந்த ஆறு மில்லிமீட்டர் மிச்சத்தைத் தம் செவியாலேயே கேட்டறியலாம்.