பாரசீகம் பயின்ற பாலாற்று நகர்

எங்கள் இல்லத்து மரப்பெட்டியின் அடியில், மஞ்சள் துணியிற் பொதிந்த பழைய கிரயப் பத்திரம் ஒன்று உண்டு. என் பாட்டனார் சங்கரன்கோயிலுக்கு மேற்கே ஒரு துண்டு நன்செய் வாங்கியபோது எழுதப்பெற்றது அது. இளமையில் அதனை விரித்துப் படித்த நாளில் யான் திகைத்துப்போனேன். ஜில்லா, தாலுகா, பசலி, கிஸ்து, வசூல், ரசீது, ஷரத்து, தாவா, தஸ்தாவேஜு என வரிதோறும் வேற்றுச் சொற்கள் வீற்றிருந்தன. நிலம் தமிழ்நிலம், விற்றவரும் தமிழர், வாங்கியவரும் தமிழர், எழுதியவரும் தமிழரே. அங்ஙனமாக, இச்சொற்கள் எந்த வழியாக எங்கள் வயல் வரப்புவரை வந்தன?

பிற்காலத்தில் யான் தமிழாசிரியனாக அமர்ந்தபோது இவ்வினாவை ஆராயாமல், சிவப்பு மையைக் கையில் எடுத்துக்கொண்டேன். கட்டுரை ஏட்டில் அயற்சொல் கண்டவிடமெல்லாம் அடித்துவிடுவது என் வழக்கம். ஒருநாள் மளிகைக் கடைக்காரர் மகன் ஒருவன் எழுதிய ஏட்டில் ‘தராசு’ என்னும் சொல்லை அடித்துத் ‘துலாக்கோல்’ என்று திருத்தினேன். அவன் எழுந்து நின்று, “ஐயா, தராசு எந்த ஊர்ச் சொல்?” என்று பணிவோடு வினவினான். “பாரசீகச் சொல்” என்றேன். “பாரசீகத்தார் நம் ஊருக்கு எப்பொழுது வந்தார்கள், ஐயா?” என்றான். எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் கூறுவதாகச் சொல்லி அமர்த்தினேன். அம்மறுநாள் வருவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. அவனுக்கு அன்று கூற இயலாததையே இப்பாடத்தில் கூறப் புகுந்தேன்.

பாரசீகம் என்பது ஈரான் நாட்டு மொழி. அது வடமொழிக்கு உறவுடையது. அரபு மொழியோடு இன உறவு உடையது அன்று. ஆயினும் இசுலாம் அந்நாட்டிற் பரவிய பின்னர் அரபு எழுத்தையும் அரபுச் சொற்கள் பலவற்றையும் அது ஏற்றுக்கொண்டது. தில்லியில் ஆண்ட முகலாயப் பேரரசர் அதனையே அரசாங்க மொழியாகக் கொண்டனர். அவர்தம் ஆணை எங்கெங்குச் சென்றதோ, அங்கெல்லாம் அம்மொழியும் சென்றது. தமிழ்நாட்டில் அது சென்று தங்கிய சிற்றூர் ஒன்று உண்டு. அதுவே ஆர்க்காடு.

ஆர்க்காடு பாலாற்றின் தென்கரையில் அமைந்த ஊர். பாலாறு மைசூர்ச் சீமையின் நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திர நாட்டைக் கடந்து, தொண்டை நாட்டை ஊடறுத்து வங்கக் கடலிற் கலப்பது. ஆண்டின் பெரும்பகுதி மேலே மணலாகத் தோன்றினும், தோண்டுவார்க்கு நீர் சுரப்பது அதன் இயல்பு. ஆற்றுக்கு வடக்கே இராணிப்பேட்டை. சிறிது தொலைவில் வாலாஜாபேட்டை. மேற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் வேலூர்க் கோட்டை. சென்னையிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏறிச் செல்லும் பெருவழி இவ்வூரின் வழியே செல்கின்றது. படை நடத்துவோர் இவ்விடத்தை விரும்பியதற்கு இவ்வழியே பெரிதும் காரணமாகும்.

ஊர்ப்பெயரைப் பற்றிச் சில கூறல் வேண்டும். ஆறு காடுகள் சூழ்ந்திருந்தமையால் ஆறுகாடு ஆயிற்று என்பர் சிலர். அக்காடுகளில் முனிவர் அறுவர் தவம் இயற்றினர் எனக் கதையும் சொல்வர். ‘ஆர்’ என்பது ஆத்தி மரம்; ஆத்திக் காடு நிறைந்த இடம் ஆர்க்காடு என்பது பிறிதொரு கருத்து. எனக்கு இப்பின்னதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அழிசி என்னும் தலைவனுக்கு உரியதாக ஓர் ஆர்க்காடு பேசப்படுகின்றது. அது சோழநாட்டு ஊராதல் வேண்டும் என்பாரும் உளர். எவ்வாறாயினும் பெயர் தமிழ்ப்பெயர். அப்பெயரைத் தாங்கிய ஊரிலேயே பாரசீகம் கொலுவிருந்தது.

இனி வரலாற்றைக் காண்போம். 1698 ஆம் ஆண்டில் முகலாயப் படை செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியது. செஞ்சியின் நீரும் காற்றும் வடநாட்டு வீரர்க்கு ஒவ்வாமையின், தலைமையிடம் ஆர்க்காட்டுக்குப் பெயர்ந்தது. 1710 இல் நவாபு ஆன சாதத்துல்லாகான் இவ்வூரைத் தலைநகராகச் செழிக்கச் செய்தார். செஞ்சியில் தனியாட்சி செலுத்த முற்பட்ட இளைஞன் தேசிங்கு 1714 இல் இவருடைய படையோடு பொருது மாண்டதும், அவன் மனைவி உடன்கட்டை ஏறியதும் நாட்டுப்புறத்தார் இன்றும் பாடும் கதை. அவ்விளம்பெண்ணின் நினைவாக நவாபே ஆற்றின் வடகரையில் அமைத்த ஊர் இராணிப்பேட்டை என்பர். வென்றவன் தோற்றவன் மனையாளுக்கு ஊர் எடுத்தது எண்ணிப் பார்க்கத் தக்கது.

அந்நாளில் ஆர்க்காட்டுத் தெருவில் நடந்து செல்லும் ஒருவன் எத்தனை மொழிகளைக் கேட்டிருப்பான்! சந்தையில் தமிழும் தெலுங்கும், படைவீரர் குடியிருப்பில் தக்கணி உருது, பள்ளிவாசலில் அரபு, அரண்மனையிலும் கணக்குச் சாலையிலும் பாரசீகம். இம்மொழியைப் பயின்றோர் இசுலாமியர் மட்டுமே என எண்ணுதல் பிழை. சாதத்துல்லாகானின் வரலாற்றைப் பாரசீகத்தில் ‘சயீத் நாமா’ என எழுதியவர் ஜஸ்வந்த்ராய் என்னும் இந்து. கணக்கெழுதவும், கடிதம் வரையவும், வழக்குரைக்கவும் அம்மொழி வேண்டப்பட்டமையால், பிழைப்பை நாடியோர் மதம் பாராது அதனைக் கற்றனர். நவாபின் நாணயச்சாலையில் அடிக்கப்பெற்ற ஆர்க்காட்டு ரூபாயின் மீதும் பாரசீக எழுத்தே பொறிக்கப்பட்டது. அந்நாணயத்துக்கு இருந்த மதிப்பைக் கண்டு, ஆங்கிலக் கும்பினியாரும் பிரெஞ்சுக்காரரும் தம் நகரங்களில் அவ்வாறே ஆர்க்காட்டு ரூபாய் அடித்தனர். 1736 முதல் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழைப் படிப்போர், அதில் பாரசீகச் சொற்கள் எவ்வளவு இயல்பாகக் கலந்துள்ளன என்பதைக் காணலாம்.

செல்வம் சேர்ந்த இடத்தில் பகையும் சேர்ந்தது. 1740 இல் நவாபு தோஸ்து அலி மராட்டியரோடு பொருது தாமல்செருவிற் பட்டார். 1742 இல் அவர் மகன் சப்தர் அலி வேலூரிற் கொலையுண்டார். 1744 இல் சிறுவனாகிய அடுத்த நவாபும் கொலையுண்டான். பின்னர் வந்த அன்வருத்தீன் 1749 இல் ஆம்பூர்ப் போரில் மாய்ந்தார். அவர் மகன் முகம்மது அலிக்கு ஆங்கிலேயரும், சந்தாசாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். 1751 இல் இருநூறு ஐரோப்பியரோடும் முந்நூறு சிப்பாய்களோடும் சென்னையிலிருந்து புறப்பட்ட இராபர்ட்டு கிளைவு, ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றான். உணவு குறைந்தபோது, சோற்றை வெள்ளையர்க்கு அளித்துவிட்டுக் கஞ்சி நீரை மட்டும் சிப்பாய்கள் பருகினர் என்று ஆங்கில நூலார் புகழ்ந்து எழுதுவர். கிளைவின் பெயரை உலகம் அறியும். அச்சிப்பாய்களுள் ஒருவன் பெயரேனும் நம் பாட நூல்களில் இல்லை.

போரில் வென்றவர் முகம்மது அலி வாலாஜா. வென்ற பயனை அடைந்தவர் கும்பினியார். படைச் செலவுக்கு நவாபு கடன்பட்டார். கடனுக்கு ஈடாக நாட்டின் வருவாயை எழுதிக் கொடுத்தார். அவ்வருவாயைத் தண்டுவதற்காகவே ஆர்க்காட்டின் கை நம் திருநெல்வேலிச் சீமைவரை நீண்டது. 1755 இல் நவாபின் தமையனார் மாபூசுகானும், கும்பினித் தளபதி கர்னல் ஹெரானும் பெரும்படையோடு தெற்கே வந்தனர். நம் சங்கரன்கோயிலுக்கு அணித்தாகிய நெற்கட்டுஞ்செவலில் கோட்டை கட்டி வாழ்ந்த பூலித்தேவர் அவர்கள் கேட்ட கப்பத்தைத் தர மறுத்தார். தகுந்த பீரங்கியும் உணவும் இன்றி ஹெரானின் படை மீண்டது. ஈண்டு ஒரு வியப்பு: சில ஆண்டுகளுக்குள் அதே மாபூசுகான் தம் தம்பியோடு பிணங்கிப் பூலித்தேவர் பக்கமே சேர்ந்துகொண்டார். ஆகவே அப்போரை மதப்போர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அது கப்பத்தையும் உரிமையையும் பற்றிய போர். 1761 இல் யூசுபுகான் நெற்கட்டுஞ்செவலைப் பிடித்தான். பூலித்தேவர் இறுதியாகச் சங்கரநாராயணர் திருக்கோயிலுட் புகுந்து மறைந்தார் என்பது எங்கள் ஊரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

மளிகைக் கடைக்காரர் மகன் கேட்ட வினாவுக்கு விடை இங்கேதான் கிடைத்தது. பாரசீக மொழி ஈரான் நாட்டிலிருந்து கப்பலேறி நேரே சங்கரன்கோயிலுக்கு வரவில்லை. அது தில்லி சென்று, செஞ்சி வழியாக ஆர்க்காடு அடைந்து, வரிக்கணக்கின் தோளிலேறி நம் ஊருக்கு வந்தது. அதனாலேயே நம்மிடம் தங்கிய சொற்களிற் பெரும்பாலன அளவை, வரி, படை, வழக்கு ஆகியவற்றைச் சார்ந்தனவாக உள்ளன. சர்க்கார், தர்பார், சிப்பாய், குமாஸ்தா, ரசீது, தராசு, சந்தா, சாமான், சால்வை என்பன பாரசீகம். வசூல், ஜாமீன், வக்கீல், அசல், நகல் என்பன அரபுச் சொற்களாயினும் பாரசீக ஆட்சியின் வழியே வந்தவை. ‘தார்’ என்பது பாரசீகத்தில் ‘உடையவர், கொண்டவர்’ எனப் பொருள்தரும் ஈறு. ‘ஜமீன்’ என்றால் நிலம், ஜமீன்தார் நிலமுடையவர். தாசில்தார், அவில்தார், சுபேதார் ஆகியவற்றிலும் அவ்வீறே நிற்கின்றது. ‘ஜமா’ என்பது மொத்தத் தொகை. அதனைக் கட்டி முடிப்பது ஜமாபந்தி. பந்தோபஸ்து என்பதும் கட்டுதல் என்னும் அடியிற் பிறந்ததே.

நவாபு 1768 அளவில் சென்னைச் சேப்பாக்கத்தில் அரண்மனை எடுத்து அங்கே குடியேறினார். ஆர்க்காட்டின் ஒளி அன்றே மங்கலாயிற்று. 1780 இல் ஐதர் அலி அதனைக் கைப்பற்றினார். 1795 இல் வாலாஜா இறந்தார். அவர் உடல் திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்யப்பெற்றது. அதே ஆண்டில் எழுந்த திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலின் கல்லில் ஒரு பாரசீகத் தொடர் வெட்டப்பட்டுள்ளது. எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் கட்டிய ஆண்டு கிடைக்குமாறு அதனை இயற்றியவர் மக்கன்லால் என்னும் இந்து அறிஞர். 1801 இல் நாடு முழுதும் கும்பினியார்க்கு உரியதாயிற்று. 1837 இல் பாரசீகத்தை அலுவல் மொழி நிலையினின்று விலக்கக் கும்பினி அரசு சட்டம் இயற்றியது. 1855 இல் கடைசி நவாபு மகப்பேறின்றி மறைந்தார். அக்காலத்துப் பாரசீக வரலாறாகிய ‘துசுக்கி வாலாஜாகி’யை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் முகம்மது உசைன் நயினார், சென்னைப் பல்கலைக்கழகம் அதனை 1934 முதலாக வெளியிட்டது.

இன்று ஆர்க்காடு செல்வோர் பாரசீகம் பேசுவோரைக் காணார். கோட்டை மதிலும் பெரும்பாலும் அழிந்தொழிந்தது. பாலாற்றங்கரையில் தில்லி வாயில் என்னும் கட்டடம் மட்டும் நிற்கின்றது. ஊரினுள் திப்பு மஸ்தான் அவுலியாவின் அடக்கத்தலம் உண்டு. மைசூர்ப் புலி திப்புசுல்தானுக்குப் பெயர் வந்தது அப்பெரியார் நினைவாகவே. கடைத்தெருவில் மக்கன்பேடா என்னும் இனிப்பு விற்கின்றனர். யான் சென்ற நாளில் அதனை உண்டு பார்த்தேன், நன்றாகவே இருந்தது. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு என இரு பெரு மாவட்டங்களுக்குப் பெயரளித்த அவ்வூர், 2019 நவம்பரில் அமைந்த இராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகர். அதே திங்களில் அமைந்த தென்காசி மாவட்டத்தில் நம் சங்கரன்கோயிலும் அவ்வாறே.

சிவப்பு மையை யான் முற்றும் விட்டுவிட்டேன் அல்லேன். துலாக்கோல், நிறைகோல் என்னும் சொற்கள் நம்மிடம் இருக்க, அவற்றை மாணவர் மறந்துவிடல் ஆகாது என்பதே இன்றும் என் எண்ணம். ஆயினும் அயற்சொல்லை அடிப்பதற்கு முன், அது வந்த வழியை ஏட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டலானேன். தராசுக்கு எதிரே ‘ஆர்க்காடு வழி’ என்று எழுதினேன். கடைக்காரர் மகன் அந்த ஏட்டை வாங்கிச் சென்று தன் தந்தையாரிடம் காட்டினான். மறுவாரம் அவர் கடையில் வெல்லம் வாங்கச் சென்றபோது, அவர் நிறுத்துக்கொண்டே, “ஆர்க்காட்டுக் கணக்கு சரியா, ஐயா?” என்று நகைத்தார்.

என் பாட்டனாரின் பத்திரத்தையும் அண்மையில் மீண்டும் விரித்துப் பார்த்தேன். பசலி என்பது அறுவடையைக் குறிக்கும் சொல்லினின்று வந்த வருவாய்த்துறை ஆண்டு. சூலை முதல் நாள் தொடங்குவது. அதனோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பத்திரத்தில் பசலி 1339 என்றிருந்தது. பாட்டனார் நிலம் வாங்கிய காலம் 1929 இன் பிற்பாதியோ 1930 இன் முற்பாதியோ ஆதல் வேண்டும். எங்கள் வீட்டார் அதுவரை அதனை அறியாதிருந்தனர்.